இளைய தண்ணி

சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் சட்டைக் காலரை யாரோ அவசரத்தில் தேய்த்திருக்கிறார்கள். இடது முனையில் மடிப்பு உள்பக்கமாக விழுந்திருக்கிறது. அதற்காக வீட்டில் போய்ச் சண்டை போடாதீர்கள். சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு எதிரே இருப்பவரின் முகத்தைவிடக் காலர்தான் முதலில் கண்ணில் படும். தொழில் கோளாறு.

வாக்குமூலம் எழுதுகிறவர் இரண்டே விரலால் தட்டுகிறார், அதனால் மெதுவாகவே சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை. இனி என்னிடம் நிறைய நேரம் இருக்கும். அதற்கு நீங்களே ஏற்பாடு செய்துவிட்டீர்கள்.

முதலில் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்துக்கு ஆஸ்பத்திரித் துணி மட்டும்தான் வரும். போர்வை, தலையணை உறை, அறுவை அறையின் பச்சைத் துணி. வரும்போது எதில் என்ன கறை இருக்கிறது என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. போகும்போது ஒவ்வொன்றின் மூலையிலும் நீலநூல் தையல் இருக்கும். அது எங்கள் அடையாளம்.

துணி இரண்டு தண்ணீரைக் கடந்து போகும். முதல் தொட்டியில் காரம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். அதற்கு எங்கள் கூடத்தில் மூத்த தண்ணி என்று பெயர். கையுறை இல்லாமல் கை விட்டால் தோல் கையோடு வராது. இரண்டாவது, குழாயிலிருந்து நேராக வரும் பச்சைத் தண்ணீர். காரத்தை அலசி எடுப்பதற்காக. அது இளைய தண்ணி. வெயில் காலத்தில் அதில் முகம் கழுவுவோம். மடிப்பு மேசையில் இருக்கும் அம்மாக்கள் கால் வலித்தால் அதில் காலை விட்டுக்கொண்டு உட்காருவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தருவதே இதுதான். மூத்ததுகிட்ட மரியாதை, இளையதுகிட்ட விளையாட்டு.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான் திரும்பச் சொல்ல மாட்டேன்.

நான் எப்படி அங்கே போனேன் என்றால், மருந்தியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டேன். எலிகளோடு ஒத்துப்போகவில்லை. கடிக்கும் என்பதல்ல காரணம். ஓர் எலிக்கு ஊக்கமருந்து கொடுத்தால் அது கூண்டைச் சுற்றி எத்தனை முறை ஓடியது என்று எண்ணலாம். வாடகை கட்ட வேண்டிய எலி, தூங்கினால் வேலை போய்விடும் என்று பயப்படுகிற எலி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. அந்தக் கணக்கு எதற்கு உதவும் என்று பேராசிரியரிடம் கேட்டேன். "உனக்கு எலி பிடிக்கலைன்னா வேற வேலை பாரு தம்பி" என்றார். பார்த்தேன். அக்காவின் கணவர் இந்தக் கூடத்தில் பாய்லர் பார்ப்பவர். அவர்தான் சேர்த்துவிட்டார். முதலில் இரவு வேலை. பிறகு அதையும் விட்டுவிட்டுக் காலை வேலைக்கு வந்தேன். எதையும் முடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று அக்கா சொல்வாள். இந்த ஒன்றை முடித்தேன்.

அந்த இரண்டு போதைப் பொடிகளும் தபாலில் வந்தவை. உங்கள் அறிக்கையில் அவற்றின் முழுப் பெயர்கள் இருக்கும். எழுதுகிறவரின் இரண்டு விரலும் வலிக்கும், விட்டுவிடுங்கள். இரண்டும் ஆய்வகத்தில் பிறந்தவை. ஒன்று பத்துப் பதினைந்து வருடங்களாகத் தெருவில் இருப்பது. மற்றது, சட்டத்தில் பேர் ஏறாமல் இருக்க முந்தையதன் மூலக்கூறில் ஒரு சின்ன மாற்றம் செய்து வெளியே விட்டது. அதனால் பழையதற்கு மூத்தவள் என்றும் புதியதற்கு இளையவள் என்றும் பெயர் வைத்தேன். வயசுப்படி. வேறு உள்நோக்கம் இல்லை.

இரண்டையும் பற்றிப் பேச்சு நிறைய இருந்தது, ஒழுங்கான ஒப்பீடு இல்லை. ஒருவன் அது நல்லது என்பான், இன்னொருவன் இது நல்லது என்பான். எடை எழுதமாட்டான், நேரம் எழுதமாட்டான், அன்றைக்குச் சாப்பிட்டானா என்றுகூட எழுதமாட்டான். எனக்கு அதைப் படிக்கப் படிக்க எரிச்சல். எங்கள் கூடத்திலோ இருபத்திரண்டு பேர். எல்லாருக்கும் ஒரே வேலை நேரம், ஒரே சாப்பாட்டு நேரம், ஒரே சூடு. எல்லாருக்கும் தூக்கம் போதாது. இவ்வளவு சீரான கூட்டம் ஒரு பல்கலைக்கழகத்துக்குக்கூடக் கிடைக்காது.

யாரையும் வற்புறுத்தவில்லை. காசும் வாங்கவில்லை. காசு வாங்கினால் ஆட்கள் நன்றாக இருந்தது என்று பொய் சொல்வார்கள், கொடுத்த காசுக்காக.

முதலில் மடிப்பு மேசை அம்மா ஒருவருக்கு மூத்தவளைக் கொடுத்தேன். மூன்று வருடமாக யாரிடமும் பேசாதவர், கணவர் போனதிலிருந்து. மூத்தவள் சீக்கிரம் வருவாள், சீக்கிரம் போவாள். வந்ததும் வாய் திறக்கும், எதிரில் இருப்பவர் மேலெல்லாம் பாசம் பொங்கும். அந்த அம்மா அன்று காலை தலையணை உறைகளை மடித்துக்கொண்டே தன் கல்யாணக் கதை முழுவதையும் சொன்னார். மேலாளரைக் கூப்பிட்டு, "நீ நல்ல பையன்டா, முகத்தைத்தான் அப்படி வச்சிருக்கே" என்றார். கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் ரேடியோ. ஒரு மணி நேரத்தில் பேச்சு நின்றது. அடுத்த நாள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதார், பிறகு என்னைத் தேடி வந்தார். "தம்பி, அந்த மூத்தவ இன்னும் இருக்காளா?" மூத்தவளின் ஆபத்து அதுதான். போகும்போது கதவைச் சாத்தாமல் போவாள். அதைக் குறித்துக்கொண்டேன்.

இளையவளை வேன் ஓட்டுநருக்குக் கொடுத்தேன். அவள் குணம் வேறு. வருவதற்குத் தாமதம் செய்வாள். வரவில்லை என்று நினைத்து ஆட்கள் இன்னொரு முறை கூப்பிடுவார்கள். பிறகு கூப்பிட்டதற்கெல்லாம் சேர்த்து ஒரேயடியாக வந்து, ஒன்றரை நாள் போகமாட்டாள். பாசமெல்லாம் கிடையாது. தூக்கம் இல்லை, பசி இல்லை, தாடை இறுகும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், உடம்பு உள்ளேயிருந்து கொதிக்கும். இரண்டாம் நாள் சந்தேகம் வரும். ஓட்டுநர் வேனின் கண்ணாடிகள் மூன்றையும் கழற்றிக்கொண்டு வந்து, "இதுல ஒருத்தன் ரெண்டு நாளா என்னையே பாக்கறான், யாருன்னு கேளு" என்றார். பார்த்தேன். அவர்தான் இருந்தார். சொன்னேன், நம்பவில்லை. அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று நீங்கள் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள், நாற்பதாம் மணி நேரத்துக்குப் பிறகு என் நோட்டில் அவருக்கு எதுவும் இல்லை.

ஆக, வித்தியாசம் தெளிவாக இருந்தது. மூத்தவள் ஆளைத் திரும்பத் திரும்ப வரவைப்பாள். இளையவள் ஆளையே கொண்டுபோவாள். ஒன்றை மட்டும் சரிபார்க்க முடியவில்லை. சூடு. இளையவள் உடம்பைக் கொதிக்கவைப்பாள் என்றால், ஏற்கெனவே கொதிக்கிற இடத்தில் நிற்பவனுக்கு என்ன ஆகும்?

எங்கள் கூடத்தில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது, பாய்லர் அறை. அந்த வாரம் அங்கே ஓர் ஆள்தான் நின்றார்.

மாமாவைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். எல்லாரும் நல்லவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது உண்மை. குண்டு உடம்பு, சின்ன மீசை. எனக்குச் சம்பளம் வரும் வரை என் சாப்பாட்டையும் அவர்தான் கொண்டுவந்தார். அக்கா கட்டிக் கொடுப்பாள். வழியில் பாதியை அவர் தின்றுவிட்டு, "உங்க அக்கா இப்பல்லாம் கொஞ்சமாத்தான் வைக்கிறா மாப்ள, உன்மேல பாசம் குறைஞ்சிடுச்சு" என்பார். வாயோரத்தில் பருக்கை இருக்கும்.

அந்த வாரம் மற்றொரு பாய்லர்காரர் விடுப்பில் போய்விட்டார். மாமா இரண்டு ஆள் வேலையை ஒருவராகப் பார்த்தார். ஆறாம் நாள் அழுத்தமானியின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். முள் சிவப்புக்குப் போய்விட்டது. மேலாளர் ஓடிவந்து ஆவியைத் திறந்துவிட்டு, இன்னொரு தடவை தூங்கினால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம், இரண்டாவது பிள்ளை.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு மாமா என்னிடம் வந்தார். நான் போகவில்லை. இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

"என்ன மாப்ள, ஊருக்கெல்லாம் குடுக்கறே, சொந்த மாமனை மறந்துட்டியே."

"உங்களுக்கு எதுக்கு மாமா? அக்கா குறட்டைக்கே முழிச்சிட்டு இருப்பீங்களே."

"அதை அவகிட்ட சொல்லிப் பாரேன், உன் பல்லு எத்தனை மிஞ்சுதுன்னு பாக்கலாம்." சிரித்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு ஒரு நாள் தாண்டினாப் போதும்டா. நாளைக்கு அவன் வந்துடுவான். ஆனா ஒண்ணு, எனக்கு மூத்தவ எல்லாம் வேண்டாம். புள்ளகுட்டிக்காரன் நான். இளையவளே போதும்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். பதினெட்டு வருடம் அந்தக் கூடத்தில் இருந்தவர். இளையது என்றால் அவருக்குக் கால் விட்டு உட்காரக்கூடிய தண்ணீர்.

நான் திருத்தவில்லை. ஒருவர் தானாக விரும்பிக் கேட்கும்போது நடுவில் புகுந்து பேசினால் முடிவு சுத்தமாக இருக்காது. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாயில் போட்டுக்கொண்டு, "கசக்குதேடா. இளையவளுக்கே இவ்வளவு கசப்பா?" என்றார். நோட்டில் நேரத்தை எழுதினேன்.

எட்டே காலுக்கு வந்தார். "ஒண்ணும் தெரியலையே மாப்ள. சோளமாவு ஏதாவது கலந்து ஏமாத்தறியா?"

"பொறுங்க மாமா, வருவா."

"எனக்குப் பொண்ணு பாத்தப்பவும் இப்படித்தான் சொன்னாங்க. இன்னொண்ணு குடு."

கொடுத்தேன். ஒன்பது மணிக்கு இன்னொன்று. இளையவளை ஏன் இரண்டாம் முறை கூப்பிடக்கூடாது என்று எனக்குத் தெரியும், ஓட்டுநர் பக்கத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். ஆனால் ஓட்டுநரின் பக்கத்தில் இரண்டு தடவைக்கான விவரம் மட்டும்தான் இருந்தது.

பத்து மணிக்கு அவள் வந்தாள். மாமா பித்தளைக் குழாய்கள் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளப்பாக்கினார். இரண்டு தடவை துடைத்தார். மேலாளர் எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "பாத்தியா மாப்ள? பரவாயில்லைன்னான்."

பதினொன்றுக்குச் சட்டையைக் கழற்றினார். நான் தொட்டித் தண்ணீரின் சூடு பார்க்கிற வெப்பமானியை எடுத்துவந்து அவருடைய அக்குளில் வைத்தேன். கையில் இருந்தது அதுதான். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னடா, என்னையும் தொட்டியில போடப் போறியா? போடறதுன்னா இளைய தண்ணியில போடு."

நானும் சிரித்தேன். அது நல்ல நகைச்சுவை. அவர் அளவுக்கு எனக்கு வராது.

பதினொன்றரைக்கு வியர்வை நின்றது. அது கெட்ட அடையாளம் என்று மூன்றாம் வருடப் புத்தகத்தில் இருக்கிறது, நான் அதுவரை படித்திருந்தேன். தோல் காய்ந்து, தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது. தாடை இறுகி, பேசுவது பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. குழாய்க்குள் யாரோ அக்காவைத் திட்டுவதாகச் சொன்னார். காதை வைத்துக் கேட்டார். காது வெந்தது, எடுக்கவில்லை. நான் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து எழுதினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று ஆரம்பித்தேன், பிறகு ஒவ்வொரு நிமிடமும்.

ரேடியோ அம்மா கதவில் வந்து நின்றார். "ஏன் தம்பி, உங்க மாமா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? வெளியே கூட்டிட்டுப் போ. ரெண்டு ஈரப் போர்வையை எடுத்துப் போர்த்து."

"கொஞ்சம் பொறுங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

"எங்க பாக்கறே? எழுதிட்டுல்ல இருக்கே."

இளைய தண்ணித் தொட்டிக்கு அங்கிருந்து ஐந்து எட்டு எடுத்துவைத்தால் போதும். நிறைய இருந்தது. அதில் நாற்பது போர்வைகள் ஊறிக்கொண்டிருந்தன. குளிரவைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார், சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் குளிரவைத்திருந்தால் சூட்டின் கணக்கு அந்த இடத்திலேயே உடைந்திருக்கும். ஒரு நாள், ஒரே ஆள், ஒரே அறை, இடையில் தடையில்லாத ஐந்து மணி நேரம். அது மறுபடி கிடைக்காது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நான் எதையும் பாதியில் விடுகிறவன் என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.

பன்னிரண்டு இருபதுக்கு விழுந்தார். வலிப்பு நாலு நிமிடம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ரேடியோ அம்மா. அவருக்கு நம்பர் தெரியாமல் தப்பாக இரண்டு தடவை அடித்தார். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். இளம் வயது டாக்டர் ஒருவர் வெளியே வந்து கேட்டார், "என்ன சாப்பிட்டார்? யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும்." அக்கா என்னைப் பார்த்தாள். "நீ அவர்கூடத்தானேடா இருந்தே? ஏதாவது குடிச்சாரா? சொல்லுடா."

நோட்டு என் இடுப்பில் இருந்தது. பெயர், நேரம், எத்தனை தடவை, எல்லாம் அதில் இருந்தது. "காலையில டீ குடிச்சார்க்கா, அவ்வளவுதான் தெரியும்" என்றேன். யோசித்துப் பாருங்கள், சொல்லியிருந்தால் அவர்கள் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். அது ஒரே பிரதி.

டாக்டரிடம் உடம்புச் சூடு எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். சொன்னார். நடைக்கூடத்தில் ஓரமாகப் போய் எழுதிக்கொண்டேன். எங்கள் வெப்பமானி அரைப் புள்ளி குறைவாகக் காட்டுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முன்னால் எழுதிய எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. நோட்டில் அடித்தல் திருத்தலாக இருப்பதற்கு அதுதான் காரணம், பொய்க் கணக்கு என்று நினைக்காதீர்கள்.

நாலு நாற்பதுக்கு மாமா போனார். மேலே போர்த்தியிருந்தது எங்கள் போர்வை, மூலையில் நீலநூல். ஓரம் சரியாகத் தேய்க்கப்படவில்லை.

நீங்கள் நேற்று ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. பெயர் வைத்ததைப் பற்றி. வயசுப்படி வைத்தேன் என்று சற்றுமுன் சொன்னேன், அது பாதி. அந்தப் பெயரை வைத்தபோது நான் ஏழு மாதம் அந்த இரண்டு தண்ணீரிலும் கை வைத்தவன். இளையவள் என்று சொன்னால் அந்தக் கூடத்தில் இருக்கிற இருபத்திரண்டு பேருக்கும் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாதா? உண்மையான பெயரைச் சொல்லியிருந்தால் யார் கிட்டே வந்திருப்பார்கள்? பயமில்லாமல் கேட்டு வாங்க வேண்டும் என்றுதான் வைத்தேன். குறிப்பாகப் பாய்லர் அறையிலிருந்து கேட்டு வர வேண்டும் என்று காத்திருந்தேன். ஐந்து வாரம். இப்போது எழுதிக்கொள்ளுங்கள்: நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். எழுதுகிறவர் நிறுத்திவிட்டார் பாருங்கள். விரல் வலியா?

அக்கா இன்னும் உங்களை நம்பவில்லை என்று கேள்விப்பட்டேன். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாமே. அவளை விரட்டாதீர்கள், நிற்கக்கூடாத நிலையில் இருப்பவள். அன்று சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கடைசியில அவர்கூட யாராவது இருந்தாங்களாடா? தனியாக் கிடந்தாரா?"

"நான் இருந்தேன்க்கா. ஒரு நிமிஷம்கூட அவர்மேல இருந்து கண்ணை எடுக்கலை."

என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் எனக்கு அப்படி நன்றி சொன்னதில்லை.

நீங்கள் இப்படிப் பார்ப்பதால் சொல்கிறேன், நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. அந்த நோட்டைத் திறந்து கடைசி ஒன்பது பக்கங்களைப் பாருங்கள். நிமிடத்துக்கு நிமிடம் இருக்கிறது. ஒரு மனிதன்மேல் உயிரையே வைத்திருக்காமல் அவனை இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.